அப்பாவுக்குப் போட்ட பூட்டு

வாய்சினா, சவாயித் தீவு
1993 மார்ச் 9

உவெலேசே,

நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சாவி உன் பையில் இருக்கிறது, உனக்கென்ன குறை?

நீ படகேறிப் போன அன்றைக்கே, பாய் முடைய வைத்திருந்த தாழை ஓலையை உலர்த்த அப்பாவிடம் போனேன். கம்பிக் கதவைத் தள்ளினால் அசையவில்லை. ஒரு தேங்காய் அளவுக்குப் பூட்டு தொங்குகிறது. சித்தப்பா மகன் பெனியமினாவைக் கூப்பிட்டுக் கேட்டால் தலையைச் சொறிகிறான். "அக்கா, என்னைக் கேக்காதீங்க. வெல்டிங் வெச்சது மட்டுந்தான் நான். சாவிய அண்ணன் கையோட ஆக்லாந்துக்குக் கொண்டுபோயிட்டாரு. யாராச்சும் பூட்டுல கை வெச்சா, குடும்பத் தலைவர் பட்டத்துலயே கை வெச்ச மாதிரின்னு சொல்லிட்டுப் போனாரு."

நீ கல்லறைக்கு நீல ஓடு பதித்தாய், நன்றாக இருந்தது. சுற்றிலும் ஈட்டி முனை வைத்த கம்பி நட்டாய், சரி, வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஒரு ஆசை என்று வாயை மூடிக்கொண்டேன். பூட்டு எதற்கு? எதிர்வீட்டு லாகி பாதையில் நின்று கத்துகிறாள்: "என்னடி ஃபுவாதினோ, உங்கப்பா எந்திரிச்சு ஓடிடுவாருன்னு பயந்து பூட்டி வெச்சிருக்கீங்களா?" ஊரே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவள்மேல் ஒரு சேப்பங்கிழங்கை எறிந்தேன், அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தத் தீவில் எந்த வீட்டு வாசலில் கல்லறை இல்லை? யார் அதைப் பூட்டியிருக்கிறார்கள்? ஓலை உலர்வது அப்பாமேல், பிள்ளைகள் பாடம் எழுதுவது அப்பாமேல், மத்தியானம் காற்று வந்தால் ஒரு தூக்கம் போடுவதும் அப்பாமேல். அம்மாவை எண்ணிப் பார்த்தாயா? சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் தலையணையும் சுருட்டுமாகப் போய் அவர் தலைமாட்டில் உட்காருவாள். அன்றைக்கு ஊரில் யார் யாரோடு சண்டை, எவள் தேவாலயத்துக்குப் புதுத் தொப்பி போட்டு வந்தாள் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போவாள். நீ போன அன்றும் தலையணையோடு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். அதன்பிறகு யாரிடமும் வாயே திறப்பதில்லை. உனக்கே தெரியும், அம்மா பேசாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று.

சாவியை அனுப்பு.

உன் அக்கா
ஃபுவாதினோ


ஆக்லாந்து
1993 ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தரின் சமாதானம் உங்கள் எல்லோரோடும் இருப்பதாக. உன் கடிதத்தில் அது கொஞ்சமும் இல்லை என்பதால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

பூட்டு எதற்கு என்று கேட்டாய். சொல்கிறேன். என்னோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் தோமசி போன வருஷம் ஊருக்கு வந்தானே, நம் வீட்டில் கோழி தின்றானே, அவன் எடுத்த படங்களைத் தேவாலயக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து, போதகர், மூப்பர்கள், அவர்களுடைய மனைவிமார் என்று கூடம் நிறைந்திருந்தது. நம் வீடு திரையில் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த படம் அப்பாவின் கல்லறை. அதன்மேல், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, அம்மாவின் உள்பாவாடைகள். ஒன்று சிவப்பில் பூப்போட்டது. பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "உவெலேசே, உங்கப்பாவுக்குப் பாவாடை எடுப்பாத்தான்யா இருக்கு!" போதகர்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து வெளியே போனேன். எதையோ தேடுவதுபோல நடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அப்பா வகித்த பட்டத்தை இப்போது நான் வகிக்கிறேன். அவர் ஊர்ச்சபையில் வாய் திறந்தால் நாய்கூடக் குரைக்காது. அந்த மனிதர்மேல் பாவாடையா? இங்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் புல்லைக்கூட மிதிக்காமல் நடக்கிறார்கள். பூ வைக்கிறார்கள். தலை குனிந்து நிற்கிறார்கள். நாம் ஏன் அப்படி இருக்கக் கூடாது? நாம் என்ன நண்டா, கிடைத்த மேட்டிலெல்லாம் ஏறி உட்கார?

துணி காயப்போட நல்ல நைலான் கயிறு அனுப்பியிருக்கிறேன். பெனியமினாவிடம் சொல்லி இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிக்கொள். அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி ஒன்று அடுத்த கப்பலில் வரும். சாவி என்னிடமே இருக்கட்டும்.

உன் தம்பி
உவெலேசே


வாய்சினா
1993 மே 30

பட்டமுள்ள தலைவர் உவெலேசே அவர்களுக்கு,

உங்கள் கயிறு வந்து சேர்ந்தது. ஆட்டைக் கட்டியிருக்கிறோம்.

அந்தக் கூடத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் யார்? நம் தீவுகளில் பிறந்து, தங்கள் பாட்டன்மேல் ஈரத் துணியை விரித்து வளர்ந்தவர்கள்தானே? கம்பளிக் கோட்டு மாட்டியதும் மறந்துவிட்டதா? அந்தப் படத்தைப் பார்த்து நீ சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: "ஆமா, எங்கம்மா பாவாடைதான். எங்கப்பா உசிரோட இருந்தப்பவும் அதைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்து காயப்போட்டவருதான்." போடவில்லையா அவர்? மழை வந்தால் ஊர்ச்சபையிலிருந்து எழுந்து ஓடி வந்து துணி எடுத்தவர் யார்? பட்டம் வாங்கியவனுக்கு அதுவும் மறந்துபோயிற்று.

இங்கே நடப்பதைக் கேள். கம்பிக்கும் ஓட்டுக்கும் நடுவே பூச்செடி வைக்க என்று மண் விட்டாயே, பூச்செடி செத்துவிட்டது. களை மார்பளவு நிற்கிறது. உள்ளே போய்ப் பிடுங்க வழியில்லை. போன வாரம் பெண்கள் சங்கம் வீடு வீடாகச் சுத்தம் பார்த்து வந்தது. நானும் சங்கத்தில் இருப்பவள். மற்றவர்கள் வீட்டுப் பாயையும் பானையையும் மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றேன். தலைவி ஃபாலானி கம்பிவழியாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஃபுவாதினோ, உங்கப்பா இருந்தப்ப தாடிகூட வளர விடமாட்டாரே. இப்ப இப்படி விட்டிருக்கீங்க?" கூட்டத்தில் எழுந்து நின்று நம் குடும்பத்தின் பெயரை வாசித்தார்கள், அசுத்தம் என்று. நம் பெயரை! நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'என் தம்பி அப்பாவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் இருக்கிறது. ஒரு பன்றிக்குட்டி.

லாகி வீட்டுக் கறுப்புப் பன்றி போட்ட குட்டிகளில் ஒன்று, நீ போன சில நாளில் கம்பி இடுக்கில் நுழைந்து உள்ளே போயிற்று. தானாக வெளியே வரும் என்று விட்டுவிட்டோம். மேலே சீமைப்பலா மரம் காய்த்துக் கொட்டுகிற காலம். விழுவதெல்லாம் உள்ளேயே விழுகிறது. அது தின்றது, கொழுத்தது. இப்போது இடுக்கில் தலை மட்டும்தான் வருகிறது. பெனியமினா வெளியிலிருந்து சுருக்குக் கயிறு வீசிப் பார்த்தான். அது அப்பாவின் சிலுவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. ஏறிக் குதிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான்: "ஈட்டியில மாட்டுனா எனக்கு வாரிசு இருக்காதுக்கா. அண்ணன் சொல்ல மீறுனா இருக்கவே இருக்காது." ஆக, உள்பாவாடை போய்விட்டது தலைவரே. அப்பாமேல் இப்போது பன்றி படுத்திருக்கிறது.

அறுக்க எனக்கு ஒரு ரம்பம் போதும். ஆனால் குடும்பத் தலைவன் போட்ட பூட்டை அக்கா அறுத்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? அவர்கள் உறவும் அறுந்துவிட்டது என்றுதான். அந்தச் சொல்லுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் பொறுமையை நீ என் கையாலாகாத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதே.

ஃபுவாதினோ


ஆக்லாந்து
1993 ஜூன் 27

அக்கா,

பன்றியா! என் அப்பாவின் மேல் பன்றியா! வேலையிடத்தில் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, கையிலிருந்த கத்தியை மேசையில் குத்தினேன். மேஸ்திரி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். லாகியிடம் சொல், அவள் பன்றியை அவளே எடுத்துக்கொள்ளட்டும். இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒரு பன்றியை வெளியே எடுக்க முடியாதா? இல்லை, வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறீர்களா, எனக்குப் பாடம் கற்பிக்க? அம்மா அதற்குச் சிரட்டையில் தண்ணீர் வைக்கிறாள் என்று பெனியமினா தன் கடிதத்தில் எழுதியிருக்கிறான். நீ எழுதவில்லை. இதை ஏன் மறைத்தாய்?

நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், பூட்டு எதற்கு, பூட்டு எதற்கு என்று. பாவாடைக் கதையைச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை.

அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றிருந்தேன். எனக்கு இங்கே தங்குவதற்கான அனுமதித் தாள் கிடைக்காத காலம். புறப்பட்டு வந்தால் திரும்பி நுழைய முடியாது, உங்களுக்கு ஒரு காசு அனுப்ப முடியாது. கழிவறையில் போய் நின்றேன். அழலாம் என்றுதான் போனேன். வரவில்லை. மணி அடித்தது, திரும்பிப் போய் ஆட்டை அறுத்தேன். சரி, ஊருக்குப் போகும் நாள் வரும், அப்பாவின் காலடியில் விழுந்து அன்றைக்கு அழுதுகொள்ளலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

நாள் வந்தது. லாரியிலிருந்து இறங்கினேன். கழுத்தில் மாலை, கையில் பெட்டி. கல்லறைமேல் பெனியமினா சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தான். "வாண்ணே, பெரியப்பா மடியில உக்காரு, ஒரு கை போடு!" என்றான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உட்கார்ந்து ஒரு கை ஆடவும் செய்தேன். ஜெயித்தேன்.

மறுநாள் விடியலில் போனேன், அம்மா ஏற்கெனவே அங்கே படுத்திருந்தாள். மத்தியானம் போனேன், உன் தாழை ஓலை. பிரார்த்தனைக்குப் பிறகு போனேன், கிதாரோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம். அந்த ஊரில் எனக்கு அழ ஓர் இடம் இல்லை, அக்கா. வெறும் தூண்களில் நிற்கும் வீட்டுக்குச் சுவரும் இல்லை, கல்லறைக்கு வேலியும் இல்லை. நீங்கள் எல்லோரும் அழுது முடித்திருந்தீர்கள். நான் ஆரம்பிக்கவே இல்லை. அடுத்த தடவை வரும்போது அவர் எனக்குத் தனியாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் பூட்டினேன்.

இப்போது சிரித்துக்கொள்.

உவெலேசே


வாய்சினா
1993 ஜூலை 25

உவெலேசே,

சிரிக்கவில்லை. உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இதை அங்கே நின்றபோதே வாய் திறந்து சொல்வதற்கு உனக்கு என்ன கேடு? "எல்லாரும் எந்திரிங்க, நான் எங்கப்பாவப் பாக்கணும்" என்றால், ஓலையைச் சுருட்டிக்கொண்டு ஊரையே கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருப்பேனே! அதைச் சொல்ல முடியவில்லை, இத்தனை இரும்பை வாங்கி நட முடிந்ததா? ஆண்பிள்ளைகளுக்கு அழுவதற்குக்கூட வெல்டிங் வேண்டியிருக்கிறது.

நீ வராததை இங்கே ஒருவரும் குறையாகப் பேசவில்லை. அடக்கத்தன்று அப்பாவைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தபோது அம்மா தன் வலப்பக்கத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. போதகரின் மனைவி அங்கே உட்காரப் போனாள், அம்மா கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்: "அது உவெலேசே உக்காருற எடம்." அந்த அம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படுகிறாள்.

அப்பாவை அவமதிக்கிறோம் என்றாயே. அந்தப் பெரும்புயல் வந்த அன்று நீ இங்கே இல்லை. கூரை பறந்தது, தூண்கள் சாய்ந்தன, கடல் வாசலுக்கு வந்துவிட்டது. பிடிக்க ஒரு மரம் மிச்சமில்லை. அம்மாவை இழுத்துக்கொண்டு அப்பாவின் கல்லறைக்குப் பின்னால் போய் ஒண்டினோம், நான், பெனியமினா, லாகி, அவள் பிள்ளைகள். எங்களுக்கு மேலே தகரம் பறந்துகொண்டிருந்தது. அம்மா சிமெண்டில் முகத்தை வைத்து, "புடிச்சுக்கோங்க, புடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். விடியும்வரை அவர் விடவில்லை. அந்தப் புயல் முடிந்த மறுநாள் நனைந்த துணியை எல்லாம் அவர்மேல்தான் உலர்த்தினோம். வேறு எங்கே உலர்த்துவது? அதற்குப் பிறகு அந்தக் கல்மேல் உட்காருவது எங்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றவே இல்லை.

பன்றிக்குத் தண்ணீர் வைக்கிறாள், உண்மைதான். உனக்கு எழுதினால் வருத்தப்படுவாய் என்று விட்டேன். அதனிடம்தான் இப்போது பேசுகிறாள். கம்பிக்கு வெளியே உட்கார்ந்து, "அவருகிட்டச் சொல்லு, ஃபாலானி மறுபடியும் கடன் வாங்க வந்தாள்னு சொல்லு" என்கிறாள். எங்களோடு பேசாதவள் பன்றியோடு பேசுகிறாள் என்று லாகி ஒரு பக்கம் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வியாழக்கிழமை நாங்கள் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மா கம்பியில் ஏறினாள். இந்த வயதில். பெட்டிமேல் பெட்டி வைத்து ஏறியிருக்கிறாள். ஈட்டியில் இடுப்பில் சுற்றிய லாவாலாவா சிக்கிக்கொண்டது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, பாதையில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கத் தொங்கினாள். பெனியமினா ஓடிவந்து தூக்கி இறக்கினான். தொடையில் நீளமாகக் கிழித்திருக்கிறது. தையல் போட்டு, படுக்கையில் இருக்கிறாள். அவள் சொன்னது இது: "அவரு வெளிய வரமாட்டாரு. நானாச்சும் உள்ள போறேன்னு பாத்தேன்."

அம்மாவின் ரத்தம் உன் கம்பியில் இருக்கிறது, உவெலேசே. துடைக்கவேண்டாம் என்று பெனியமினாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்காள் தம்பியின் கண்மணி என்று நம்மவர்கள் சொல்வார்கள். அக்காளின் மனம் வெந்தால் தம்பியின் தோட்டம் காயும் என்றும் சொல்வார்கள். நான் உன்னைச் சபிக்கமாட்டேன், பயப்படாதே. கேட்கிறேன், அவ்வளவுதான். அக்காள் கேட்டால் எழுந்துபோய்க் கொண்டுவர வேண்டும் என்று அப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தார். பட்டத்தை அவர் கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அதைக் கொடுத்தார்.

ஃபுவாதினோ


ஆக்லாந்து
1993 ஆகஸ்ட் 15

அக்கா,

தோமசியின் மனைவி ஊருக்கு வருகிறாள். அவள் கொண்டுவரும் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் துணியில் சுற்றிச் சாவி இருக்கிறது. அவளிடம் என்னவென்று சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, அவள் வாயைக் கடவுளாலும் பூட்ட முடியாது.

கம்பியைத் துடைக்கச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவின் காலுக்கு மருந்தும் டப்பாவில் இருக்கிறது. புயலைப் பற்றி ஏன் ஒருவரும் எனக்கு அப்படி எழுதவில்லை? "கூரை போய்விட்டது, நாங்கள் சுகம்" என்று ஒரு வரி எழுதினாய். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்னத்தைத் தெரிந்துகொள்வது? எனக்கும் கோபம் இருக்கிறது, அக்கா. நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் இங்கே உங்கள் கூரைத் தகரத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபடி எப்போது வர முடியும் என்று தெரியவில்லை. லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. ஓலை உலர்த்துங்கள், சீட்டு ஆடுங்கள், என்னவோ செய்யுங்கள். உள்பாவாடை மட்டும் வேண்டாம். அதையாவது கயிற்றில் போடுங்கள்.

உவெலேசே


வாய்சினா
1993 செப்டம்பர் 19

தம்பி,

சாவி வந்தது. தோமசியின் மனைவி பிஸ்கட்டைப் பாதி வழியிலேயே தின்றுவிட்டாள். ஆகவே ஊருக்கே தெரியும்.

கதவைத் திறந்ததும் பெனியமினா கம்பி முழுவதையும் அறுத்துவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும், கம்பியில் சேம்பிலையும் பாயும் தொங்கவிட வசதியாக இருக்கிறது. களையைப் பிடுங்கினோம். சங்கத்தார் வந்து பார்த்துவிட்டு அசுத்தப் பட்டியலில் நம் பெயரை அடித்தார்கள். ஃபாலானியிடம் நான் நாலு வார்த்தை கேட்டேன், அது தனிக் கதை.

அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தோம். நீ அனுப்பிய நாற்காலிதான், அதற்காவது உதவியது. எங்களை எல்லாம் போகச் சொன்னாள். பல மாதத்துப் பேச்சு பாக்கி இருந்ததே, பொழுது சாயும்வரை பேசினாள். லாகிகூடத் தன் வீட்டில் சத்தம் போடாமல் இருந்தாள்.

உன் கடிதங்களை அதுவரை அம்மாவிடம் காட்டியிருக்கவில்லை. சீட்டாட்டத்தைப் பற்றி நீ எழுதியதை அன்றைக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பெனியமினாவைக் கூப்பிட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "அவன் சிரிச்சா நீ நம்பிருவியாடா?" என்றாள். அவன் அழுதுவிட்டான். எனக்கும் ஒன்று விழும் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது அடியைவிட மோசம்.

மறுநாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கல்லறையின் கடல் பக்கத்து மூலையில் தடியால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டுக்கு அப்பால் யாரும் உட்காரக் கூடாது, ஓலை போடக் கூடாது, துணி போடக் கூடாது. "அது அவன் எடம். அவன் வந்து அழுது முடிக்கற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்." பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் சுற்றித்தான் போகிறார்கள். உள்பாவாடைகளைத் தலைமாட்டில் போடுகிறாள், அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பன்றிதான் ஒருவர் பேச்சும் கேட்பதில்லை. கதவைத் திறந்து வைத்தும் வெளியே போகவில்லை. நாள் முழுவதும் உன் மூலையில்தான் படுத்துக் கிடக்கிறது. அம்மா அதை விரட்டவும் விடமாட்டேன் என்கிறாள். நீயே வந்து விரட்டு.

உன் அக்கா
ஃபுவாதினோ